நீர் திரும்பும்போது கூப்பிடுகிறவன்

ஏழுமலை,

பழவேற்காட்டு ஏரியில் உள்ள நண்டுகளுக்கெல்லாம் எமனும், முகத்துவாரத்து அலைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தவனும், சுற்றுவட்டக் கூத்து மேடைகளில் தேவேந்திரனையே தேம்பித் தேம்பி அழவைத்தவனும், ஆனால் உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஒரு தடவை இருமினால் சட்டென்று எழுந்து நிற்கிறவனுமாகிய உன் சித்தப்பா எழுதுவது. பெற்றவனைச் சித்தப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை உண்டா என்று, கப்பலேறக் காத்திருக்கிற கொட்டகையில் உன்னோடு இருக்கிறவர்கள் கேட்டால் நீயே விளக்கம் சொல்லிவிடு. வீட்டில் என் அண்ணன் பிள்ளைகள் உனக்கு முன்னால் பிறந்தவர்கள். அவர்கள் என்னைச் சித்தப்பா என்றார்கள், நீயும் வாய் திறந்ததும் அதையே பிடித்துக்கொண்டாய். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அப்பனை நைனா என்று கூப்பிட்டபோது நான் மட்டும் சொந்தப் பிள்ளைக்கே சித்தப்பனாக ஆனேன். அதனால் அப்பனுக்குரிய முறைப்பு எனக்கு வரவே இல்லை. உன்னைக் கண்டித்து வளர்க்க வேண்டிய வேளைகளில் உன்னோடு சேர்ந்து மாங்காய் திருடிக்கொண்டிருந்தேன். இன்று முறைப்பு தேவைப்படுகிறது. எங்கிருந்து கொண்டுவருவது என்று தெரியவில்லை.

இந்த ஓலைகளைக் கட்டி முடிச்சுப் போடவில்லை. திறந்தபடியேதான் வருகின்றன. வழியில் யார் கேட்டாலும் வாசிக்கலாம், கொட்டகையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டலாம். ஊரே பேசிக்கொண்டிருப்பதை உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்ல எனக்கு வராது. பரணில் பதமாக்கி வைத்திருந்த ஓலை அத்தனையும் இதற்கே தீர்ந்துபோய், நான் தெருவில் நடந்தால் பனைமரங்கள் தலையில் கை வைத்துக்கொள்கின்றன. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஓலைக்கட்டில் பாதிகூட ஆகவில்லை என்கிறாள். அவள் பேச்சை நம்பாதே. அவள் உண்மை பேசுகிறவள்.

நேற்று நான் கொட்டகைக்கு வந்தேன். சாப்பாடு கொண்டுவருகிறவர்களை மட்டும் உள்ளே விடுகிறார்கள் என்பதால் நண்டுக் குழம்பும் சோறும் தூக்கிக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் நீ சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் ஏதோ வேடிக்கை சொன்னேன். மூலையில் இருந்த நெசவாளர் சிரித்தார், காவல்காரன்கூடச் சிரித்தான். உன் முதுகு அசையவில்லை. வெளியே வந்து கோட்டை மதில் ஓரமாக நடந்தபோதுதான், சொல்ல வந்ததில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. வாயால் பேசினால் எனக்கு வேடிக்கைதான் வருகிறது, அதனால் இதை எழுதுகிறேன். எழுதும்போதும் அதுவே வருகிறது, என்ன செய்வது, இந்த வயதில் வேறு சித்தப்பனாக மாற முடியாது. நடுநடுவே உண்மையும் இருக்கும். நீதான் பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் உட்கார்ந்திருக்கும் மணல்மேட்டிலிருந்து பார்த்தால், கடலில் கோட்டைக்காரர்களான ஒல்லாந்தரின் கப்பல் நங்கூரமிட்டு நிற்பது தெரிகிறது. துணி மூட்டைகள் ஏறிவிட்டன. தண்ணீர்ப் பீப்பாய்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நாளைக் காலை கோட்டையில் வெடி போட்டதும் உங்களைப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றுவார்களாம். கூலிக்குப் போகக் கொடுத்த பெயரைப் படகில் கால் வைக்கும்வரை திரும்ப வாங்கிக்கொள்ளலாம், வைத்தபிறகு முடியாது என்று காவல்காரன் என்னிடம் சொன்னான். அந்தக் கப்பல் போகிற பத்தாவியா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பஞ்ச காலத்தில் தங்களைத் தாங்களே விற்றுக்கொண்டு ஏறியவர்கள் போன ஊர் அது என்று மட்டும் தெரியும். அவர்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் போனார்கள். உனக்கு வீட்டில் சோறு இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாள், இப்போதுதான் தவழக் கற்றுக்கொண்ட ஒரு மகள் இருக்கிறாள். நீயாகவே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. சந்தையில் மீன் விற்கிற பெண் சொல்லித்தான் உன் அம்மாவுக்கே தெரிந்தது.

கொட்டகையில் உன்னோடு இருக்கிறவர்களில் பாதிப் பேர் உழவர்கள், நெசவாளர்கள். ஏரியின் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. நடந்ததை அவர்களும் கேட்கட்டும், அதனால் சொல்கிறேன். ஏரி கடலோடு சேர்கிற வாய்க்குப் பக்கத்தில்தான் மீன் அதிகம். அந்த இடம் எந்த ஒருவருக்கும் சொந்தமில்லை. இன்று இந்தக் குடும்பம், நாளை அந்தக் குடும்பம் என்று முறை வைத்து வலை போடுகிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளில் இரண்டு பேர் போக வேண்டும். கடல் நீர் ஏரிக்குள் ஏறி நின்று, மறுபடி வற்றத் தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஒருவன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, நட்டுவைத்த கம்புகளில் வலையின் அடிக்கயிற்றைக் கட்டுவான். மற்றவன் படகில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு வேறு வேலை கிடையாது. நீர் திரும்பியதும் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கீழே இருக்கிறவன் குனிந்து கயிற்றோடு மல்லாடிக்கொண்டிருப்பதால் அவனுக்கு அது தெரியாது. கூப்பிட்டால் ஏறிவிடுவான். கூப்பிடாவிட்டால் வற்றுகிற நீர் அவனை இழுத்து, அவன் கட்டிய வலைக்குள்ளேயே திணித்துவிடும்.

போன தடவை நம் பாடு வந்த அன்று படகில் உட்கார்ந்திருந்தவன் நீ. தண்ணீரில் இறங்கியவன் எல்லப்பன், உன் பெண்டாட்டி நாகம்மாவின் அண்ணன். உன் மடியில் ஓலை இருந்தது. திருவிழாக் கூத்துக்காக, கடல் பொங்கி வந்து ஒரு பட்டணத்தை விழுங்குகிற காட்சியை எழுதிக்கொண்டிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டேன். நல்ல பாட்டு. ஓலையில் கடல் பொங்கியது, படகுக்குப் பக்கத்தில் கடல் வற்றியது. அடுத்த படகுக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். உனக்குக் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் குதித்து, வலையை அறுத்து, எல்லப்பனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியபோதுதான் நீ நிமிர்ந்து பார்த்தாய். எல்லப்பனின் உதடு நீலமாக இருந்ததாம். நான் மிகைப்படுத்திச் சொல்கிறவன், ஆனால் இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். வலது தோள் பிசகியது. கழுத்தில் கயிறு அழுத்திய தடம் இன்னும் இருக்கிறது. நீ அன்று சாயங்காலமே எழுத்தாணியை ஏரியில் வீசினாய். ஓலைக்கட்டைத் தூக்கி அடுப்பில் போடப் போனாய். உன் அம்மா அதைப் பிடுங்கித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்தால் கோட்டைப் பீரங்கிகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வெடித்தாலும் நகர்த்த முடியாது. அதனால்தான் அந்தக் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் நசுங்கி.

எழுத்தைக் கையால் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். அதன்பிறகு நீ வாழ்ந்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. யார் பாடாக இருந்தாலும் கூலிக்குப் போனாய். விடியுமுன் கிளம்பி, இருட்டியபின் வந்து, சோற்றை நின்றபடி விழுங்கினாய். படுத்தாயே தவிரத் தூங்கவில்லை. இதைப் பார்த்து ஊரார் மெச்சினார்கள். "புள்ள திருந்திட்டான், இப்பதான் குடும்பம் பண்றான்" என்றார்கள். நானும் கொஞ்சநாள் அப்படித்தான் நினைத்தேன். நாகம்மாதான் ஒருநாள் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் ஆய்ந்துகொண்டே அதை உடைத்துப் போட்டாள்.

"மாமா, அப்ப ஓலையப் பாத்துக்கினு இருந்தாரு, என்னியப் பாக்கல. இப்ப ஓலைய வுட்டுட்டாரு. இப்பவும் என்னியப் பாக்கல. ஓலை இன்னா மாமா பாவம் பண்ணுச்சு?"

 தேவேந்திரனை அழவைத்தவன் குனிந்து வலைக் கண்களை எண்ணத் தொடங்கினேன். அவள் தலையை நிமிர்த்தாமலே, "கொயந்த அவரு கால்ல போய் முட்டிக்கிது. அவரு காலை நகத்திக்கிறாரு" என்றாள். பிறகு இறாலைக் கழுவ எழுந்து போய்விட்டாள். நீ கப்பலுக்குப் பெயர் கொடுத்தது அதற்கு அடுத்த வாரம்.

ஏழுமலை, நீ இரண்டு வேறு வேறு காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். எழுதியது தப்பு, விட்டது பிராயச்சித்தம் என்று. எனக்கு அப்படித் தெரியவில்லை. அன்று எழுத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். இன்று குற்றத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாய். வெளியே நிற்கிறவர்கள் அதே ஆட்கள்தான். நாளைக்குக் கடலையே கதவாக்கிச் சாத்தப் பார்க்கிறாய், அதைத் தட்ட எங்களுக்குக் கை எட்டாது.

இதில் என் பங்கையும் மறைக்கப்போவதில்லை. என் மகன் எழுதினால் கடலே நின்று கேட்கும் என்று ஆரம்பாக்கம்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தவன் நான்தான். கடல் நிற்கவில்லை. உனக்கு வேறு எதுவும் வேண்டாம், எழுது, எழுது என்று முதுகில் தட்டியவனும் நான்தான். நாகம்மா கூப்பிட்டபோது, "அவன வுடும்மா, சரஸ்வதி நாக்குல குந்திக்கினு கீறா" என்று அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் அம்மா அப்போதே, "சரஸ்வதி எயுந்து போய்க் கொயந்தையத் தூக்குவாளா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். கேள்வி நன்றாக இருக்கிறதே, கூத்தில் சேர்க்கலாமே என்றுகூட நினைத்தேன்.

நான் மட்டும் எப்படி எழுதியும் வலை போட்டும் இத்தனை காலம் ஓட்டினேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். அப்போது இமயமலையில் ஒரு சித்தர் சொல்லிக்கொடுத்த மந்திரம் என்றேன். நிஜத்தைச் சொல்கிறேன், மந்திரமும் இல்லை, மலையும் இல்லை. நான் சோம்பேறி. பாடு வந்த நாளில் ஏரிக்குப் போனேன், ஏனென்றால் போகாவிட்டால் அந்த இடம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும், உன் அம்மா என்னைக் கருவாட்டோடு சேர்த்துக் காயவைத்துவிடுவாள். பாடு இல்லாத நாளில் எழுதினேன், ஏனென்றால் வலையைப் பழுது பார்ப்பதைவிட அது சுலபம். வெயில் உச்சிக்கு வந்ததும் தூங்கினேன். நான் விட்ட குறட்டையில் கோட்டைச் சிப்பாய்கள் எதிரி வந்துவிட்டான் என்று மதிலில் ஏறி நின்றார்கள். எழுந்தால் என் எழுத்தாணியைக் காணோம். தேடினால் உன் அம்மா அதை வைத்து நண்டுக் காலில் சதையைக் குத்தி எடுத்து உனக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள். அவள் முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். என் பாட்டு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நண்டு வாசம் அடிப்பதற்கு அதுதான் காரணம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை நானும் உன்னைப்போல் எழுதினேன். உனக்கு அப்போது நினைவு தெரியாது. உலகமே இதுவரை கேட்டிராத கூத்து ஒன்று எழுதப்போகிறேன் என்று கிளம்பி, தூக்கத்தை விட்டேன், ஏரியை அண்ணனிடம் ஒப்படைத்தேன், பிறர் எழுதியது என் மூளையைக் கெடுத்துவிடும் என்று படிப்பதையும் நிறுத்தினேன். கதையில் ஒரு ராஜா சாக வேண்டும். அவன் சாகவே இல்லை. பாடிக்கொண்டே இருந்தான். மகனுக்குப் புத்தி சொன்னான், யானைக்குப் புத்தி சொன்னான், நிலாவுக்குப் புத்தி சொன்னான். மேடையில் அது நடந்தபோது முதலில் குழந்தைகள் தூங்கினார்கள், பிறகு பெரியவர்கள், பிறகு மத்தளக்காரர். கடைசியில் ராஜா ஒருவழியாகச் செத்து விழுந்தான். விழுந்த இடத்திலேயே குறட்டை விட ஆரம்பித்தான். விதவையான ராணி அவன் விலாவில் உதைத்து எழுப்பியதுதான் அந்தக் கூத்தில் ஊர் ரசித்த ஒரே கட்டம். அவமானம் தாங்காமல் நான் வீட்டுக்கு வந்து நாள் முழுக்கத் தூங்கினேன். எழுந்ததும் துணி வியாபாரி மரைக்காயர் வீட்டுக்குப் போய், யாரோ எப்போதோ எழுதிய ஓர் ஓலைக்கட்டை இரவல் வாங்கி வந்து, இறவாரத்து நிழலில் உட்கார்ந்து படித்தேன். என்னைவிட நன்றாக எழுதியவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தபோது எத்தனை நிம்மதியாக இருந்தது தெரியுமா. உலகத்தைத் தாங்குகிற வேலை என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டதே.

அந்த மரைக்காயரை நேற்றுக் கடைத்தெருவில் பார்த்தேன். துணி வியாபாரத்துக்கு நடுவிலும் அவர் உன்னைக் கேட்டார். "உங்க புள்ளையாண்டான் வந்து மாசக்கணக்காச்சு. என் வீட்டு ஏட்டையெல்லாம் இப்பக் கரையான்தான் படிக்கிது. அது திருப்பித் தர்றதில்ல" என்றார். நீ கூத்து எழுதத் தொடங்கியபின் அங்கே போகவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் ஓலைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடல் பொங்குகிற பாட்டு நன்றாக இருக்கிறது என்றேன் அல்லவா, அது முதலில் எழுதியது. பின்னால் போகப் போக எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ராஜா, ராணி, செம்படவன், கிளி எல்லோரும் நீதான். ராணி வேஷம் கட்டுகிற எல்லப்பன் ஒத்திகையிலேயே இதைச் சொன்னானாமே. "இன்னா மச்சான், ராணி ஒன்ன மாதிரியே மூக்கால பேசறா" என்று. நீ கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லையாம். வீட்டில் யார் பேச்சையும் கேட்காமல், பிறர் எழுத்தையும் படிக்காமல், தூங்கிக் கனவும் காணாமல் இருந்தால், பிறகு யார் குரல்தான் உள்ளே இருக்கும்?

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கப்பலில் பாய்களை அவிழ்த்துச் சரிபார்க்கிறார்கள். கரையில் படகுகளைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்து வைத்துவிட்டார்கள். காற்று நன்றாக இருக்கிறது என்று படகுக்காரர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அந்தக் காற்றைப் பிடித்து மூட்டை கட்டி ஏரியில் அமிழ்த்திவிட வேண்டும்போல் இருக்கிறது. இன்னொரு சமயமாக இருந்தால் அப்படிச் செய்துவிட்டேன் என்றே உனக்கு எழுதியிருப்பேன்.

இன்று நடுப்பகலில் எல்லப்பன் வந்தான். விபத்துக்குப் பிறகு அவன் நம் வீட்டு வாசலை மிதித்தது இதுதான் முதல் தடவை. ராணி வேஷத்துக்காக மழித்த மீசை இன்னும் முளைத்து முடியவில்லை. பாதி ராணியும் பாதி எல்லப்பனுமாக நின்றான். நாகம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனை வா என்றுகூடச் சொல்லாமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவன் உன்மேல் உள்ள ஆத்திரத்தைக் கொட்ட வந்திருக்கிறான் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். உன் அம்மா மட்டும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் மோரைக் குடித்து முடித்துவிட்டு, "மாமா, நாளான்னிக்கு நம்ம பாடு" என்றான்.

"தெரியும்டா. உன் தோளு இன்னா ஆச்சு?"

"தோளு தண்ணில எறங்காது. படகுல உக்காரும். தண்ணியப் பாக்கறதுக்குத் தோளு இன்னாத்துக்கு?"

"அப்ப எறங்கறது யாரு?"

"உம் புள்ளதான். போன தபா நான் எறங்கினேன், அவன் மேல குந்திக்கினு இருந்தான். இந்தத் தபா அவன் எறங்கட்டும். நான் குந்திக்கிறேன்."

உன் அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "பயி வாங்கப் பாக்கறியாடா?"

"ஆமா அத்த" என்றான், ஒளிக்காமல். "கயித்தக் கட்டறப்ப, இவன் கூப்பிடுவானா, மாட்டானான்னு அவனும் கொஞ்சம் நடுங்கட்டும். எனக்கு அந்தச் சந்தேகமே வரல. அவன் கீறான்னு நம்பிக்கினு கட்டிக்கினு இருந்தேன்."

 குழந்தை அவன் கழுத்துத் தழும்பைத் தொடக் கையை நீட்டியது. அவன் குனிந்து காட்டினான். பிறகு நிமிராமலே, "கூப்பிடுவேன் அத்த. நான் இன்னா கவிராயனா, தண்ணியப் பாக்காம இருக்க?" என்றான்.

நான்தான் கேட்டேன், வேறு யாரையாவது இறக்கலாமே, ஊரார் சம்மதிப்பார்களே என்று. அவன் தலையை ஆட்டினான். "வேற ஆளு எறங்கினா நான் படகுல ஏற மாட்டேன். பாடு போனாப் போவட்டும். கப்பல் ஏறிட்டான்னா அப்பறம் ஊர்ல இன்னா பேசுவாங்க? எல்லப்பன் மொவத்தப் பாக்க பயந்து ஓடிப்போய்ட்டான்னு பேசுவாங்க. அந்த பேஜாரு எனக்கு எதுக்கு? நான் செத்தா பூட்டேன், அவன் பாவம் சொமக்க?" அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அந்த ராணி கடைசில இன்னா ஆவுறா, அத வேற சொல்லாம வுட்டுட்டான். மீசைய வளக்கறதா, எடுக்கறதான்னு தெரியாம நான் ஊருக்குள்ள இப்டியே சுத்திக்கினு கீறேன்" என்றான்.

நாகம்மா சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நம் வீட்டில் கேட்ட சிரிப்பு. சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். "வரச் சொல்லுங்க. வந்தாக்கா நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அவள் குரலில் இருந்ததைப் பார்த்தால் நீ வாங்கிக்கட்டிக்கொள்ளப் போவது நிச்சயம். பயந்துகொண்டே வா.

சோற்றுச் சட்டியோடு இந்த ஓலைகளையும் உன்னிடம் கொண்டுவருகிறவன் எல்லப்பன்தான். என் கையெழுத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பலாம். அவன் கழுத்தைப் பார்க்காமல் திரும்பமாட்டாய் என்று நம்புகிறேன். கூடவே என் எழுத்தாணியையும் கொடுத்தனுப்புகிறேன். நீ வீசியதை எடுக்க ஏரியின் அடிவரை மூழ்கினேன், அங்கே ஒரு கிழட்டு நண்டு அதைப் பிடித்துக்கொண்டு காவியம் எழுதிக்கொண்டிருந்தது, நடுவில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன். இது உன் அம்மா நண்டு குத்துகிற எழுத்தாணி. எத்தனை தேய்த்தாலும் வாசம் போகாது. எழுதுகிற நாளில் எழுது. அவள் கேட்கிற நாளில் கொடுத்துவிடு.

இன்று மாலையே எல்லப்பனோடு கிளம்பி வீட்டுக்கு வா. நாளைக்கு எழுதாதே, ஏரிக்கும் போகாதே, யாருக்கும் எதையும் நிரூபிக்காதே. தூங்கு. தூங்கி எழுந்து உன் மகள் காலில் முட்டினால் காலை நகர்த்தாமல் இரு. தூங்காதவனைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்க எல்லப்பன் சம்மதிக்கமாட்டான், நானும் விடமாட்டேன். ராணி என்ன ஆகிறாள் என்பதை அவசரப்படாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மரைக்காயர் வீட்டுக் கட்டு ஒன்றைப் படித்து முடித்துவிட்டு.

கிளம்பும்போது எல்லப்பன் வாசலில் நின்று ஒன்று சொன்னான். அதையும் எழுதச் சொன்னான், அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "நான் தப்பாம கூப்பிடுவேன் மாமா. கூப்டா அவனுக்குக் காது கேக்கணும். அத மட்டும் அவன்கிட்ட கேட்டு எயுதுங்க."

கேட்டுவிட்டேன். மணல்மேட்டிலிருந்து பார்க்கிறேன், முகத்துவாரத்தில் ஏற்றம் நின்றுவிட்டது. நுரை ஒரு கணம் எந்தப் பக்கமும் போகாமல் தயங்கி நின்று, இப்போது கடலைப் பார்த்து நகரத் தொடங்குகிறது. நீர் திரும்பிவிட்டது, ஏழுமலை. நான் கூப்பிடுகிறேன்.